பப்பில் ஃபோக் கிட்டார் கேட்கப் போகிறீர்களா? கதவைத் திறப்பதிலிருந்து கடைசி ஆர்டர் மணி வரை ஒரு முழு வழிகாட்டி

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் படிக்கவோ வேலைக்கோ போகிற நம்மவர்களில் பலர், பப் என்றாலே குடிக்கிற இடம், அங்கே நமக்கென்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தெருமுனைப் பப்பில் வாராவாரம், பல இடங்களில் மைக்கூட இல்லாமல், ஒரு கிட்டாரும் ஒரு குரலுமாக நடக்கிற நாட்டுப்புற இசையை, அதாவது ஃபோக்கை, அதே தெருவில் வருடக்கணக்கில் குடியிருந்தும் ஒருமுறைகூடக் கேட்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. வாசிப்பவரின் நகம் கம்பியில் உரசுகிற சத்தம் காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு எங்கும் அவ்வளவு சுலபமாக வாய்ப்பதில்லை.

குடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்தப் பாட்டுகள் முன்பே தெரிந்திருக்கவும் வேண்டாம். தெரிந்திருக்க வேண்டியது, அன்றைக்கு அங்கே நடப்பது எந்த மாதிரி நிகழ்ச்சி என்பதுதான். எங்கே உட்காருவது, எப்போது பேசலாம், எப்போது கைதட்டுவது, நாமும் பாடலாமா, எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறும். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் படி: என்ன நிகழ்ச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பப் வாசலில் சாக்பீஸில் 'இன்று இரவு ஃபோக் மியூசிக்' என்று எழுதியிருந்தால் அது நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, செஷன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதுதான் அதிகம். மேடை கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் ஃபிடில் (வயலின்தான்), புல்லாங்குழல், டின் விசில், கான்சர்ட்டினா (கையில் பிடிக்கும் சின்னத் துருத்தி வாத்தியம்), பாஞ்சோ என்று உட்கார்ந்திருப்பார்கள், ஓரமாக ஒரு கிட்டார் இருக்கும். அவர்கள் பார்வையாளர்களைப் பார்த்து உட்கார மாட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். பல பப்களில் ஓரிருவருக்கு மட்டும் பப் சம்பளம் கொடுக்கும், மற்றவர்கள் ஆசைக்கு வந்து சேர்ந்துகொள்பவர்கள்.

இரண்டாவது, ஃபோக் கிளப். இங்கிலாந்தில் இதுதான் முதுகெலும்பு. பப்பின் மாடி அறையிலோ பின்பக்க அறையிலோ, மாதத்துக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோ நடக்கும். வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு டிக்கெட் கொடுப்பார்கள். முதலில் அந்தக் கிளப்பின் சொந்தப் பாடகர்கள், அப்புறம் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து இரண்டு பாட்டுப் பாடுபவர்கள், அப்புறம் அன்றைய விருந்தாளிக் கலைஞர். நடுவில் இடைவேளை, அதில் பெரும்பாலும் ஒரு குலுக்கல் சீட்டு. 1950களில் ஸ்கிஃபிள் என்கிற எளிய கிட்டார் இசையின் அலையில் கிட்டார் வாங்கிய இளைஞர்கள் பழைய நாட்டுப்பாடல்கள் பக்கம் திரும்பியபோது முளைத்த ஏற்பாடு இது. பிராட்ஃபோர்டின் டாபிக் ஃபோக் கிளப் 1956இல் தொடங்கியது, லண்டன் ஹை ஹோபர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ் பப்பில் பாடகர் இவான் மெக்கால் நடத்திய கிளப்பும் அந்தக் காலத்ததுதான். மாடியறை, வாசல் மேசை, இடைவேளை என்கிற அந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

மூன்றாவது, சிங்கரவுண்ட். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டாக வரிசையில் போகும். உங்கள் முறை வரும்போது பாட விருப்பமில்லை என்றால் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான்காவது, மைக்கும் ஸ்பீக்கரும் வைத்த வழக்கமான கச்சேரி அல்லது யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்கிற ஓப்பன் மைக். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எங்கேயும் போலத்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு, கிட்டாரை மட்டும் கவனிக்க வேண்டும் என்றால் ஃபோக் கிளப். அங்கே பாட்டு நடக்கும்போது அறையே அமைதியாக இருக்கும், ஒரு கிட்டாரை முழுதாகக் கேட்கலாம். கொண்டாட்டமும் வேகமும் வேண்டும் என்றால் செஷன்.

எங்கே போவது? டப்ளினில் மெரியன் ரோவில் உள்ள ஓ'டோனஹூஸ், 1962 வாக்கில் தி டப்ளினர்ஸ் குழு உருவான இடம், இன்றும் அங்கே இசை உண்டு. அதே ஊரில் ஸ்மித்ஃபீல்டில் கோபிள்ஸ்டோன். மேற்குக் கடற்கரையில் கிளேர் மாவட்டத்து டூலின் கிராமத்தில் கஸ் ஓ'கானர்ஸ், மெக்கான்ஸ், மெக்டெர்மட்ஸ் என்று மூன்று பப்கள், கிராமமே இசைக்குப் பேர்போனது. எடின்பரோவில் ஃபாரஸ்ட் ரோட்டில் சாண்டி பெல்ஸ். இவையெல்லாம் பெயர் பெற்றவை, சீசனில் சுற்றுலாக் கூட்டமும் இருக்கும். அதனால் உங்கள் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 'தி செஷன்' என்கிற இணையதளத்தில் ஊர்வாரியாகச் செஷன் பட்டியல் இருக்கிறது. ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், கிழமை மாறியிருக்கும், நின்றே போயிருக்கும். பப்புக்கு ஒரு போன் போட்டு, இந்தச் செவ்வாய்க்கிழமை உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். பல ஃபோக் கிளப்கள் கோடையில் விடுமுறை விட்டுவிடும், ஜூலை, ஆகஸ்டில் பூட்டிய மாடியறையைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

இரண்டாம் படி: சீக்கிரம் போங்கள், சரியான நாற்காலியைப் பிடியுங்கள்

கிளப் 8 மணிக்கு என்றால் 7:30க்கே போய்விடுங்கள். மைக் இல்லாத இடத்தில் நீங்கள் உட்காரும் நாற்காலிதான் ஒலித்தரத்தை முடிவு செய்கிறது. கிட்டாரின் சத்தம் பெட்டியின் முன்பலகையிலிருந்தும் துளையிலிருந்தும் முன்பக்கமாகத்தான் அதிகம் வரும். பின்னால் உட்கார்ந்தால் மங்கலான அடித்தந்தி ஒலி மட்டும்தான். ஃபிடிலும் பாஞ்சோவும் எங்கிருந்தாலும் கேட்கும், கிட்டாருக்கு அந்த வசதி இல்லை. அதனால் வாசிப்பவரின் எதிரிலோ கொஞ்சம் பக்கவாட்டிலோ, இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். வலது கை கட்டாயம் தெரிய வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒதுக்க வேண்டிய இடங்கள்: கவுண்டரின் ஐஸ் பெட்டிக்குப் பக்கம், சூதாட்ட மெஷினுக்குப் பக்கம், கழிப்பறைக் கதவுக்குப் பக்கம். அங்கே ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் ஏதாவது ஒன்று 'டங்' என்று பாட்டின் குறுக்கே விழும்.

செஷனில் இன்னொரு விஷயம் உண்டு. மூலையில் காலியாக ஒரு பெரிய மேசை, சுற்றிலும் சொகுசான பெஞ்ச், யாருமே இல்லை, நல்ல வேளை என்று போய் உட்காரத் தோன்றும். அது பெரும்பாலும் வாசிப்பவர்களுடைய இடம், அறிவிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வந்தபிறகு இசைக்கருவிப் பெட்டிகளின் மேல் கிளாஸை வைப்பது, அந்த வட்டத்துக்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவது, இரண்டும் வேண்டாம்.

குழந்தைகளோடு போவதாக இருந்தால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பாரில் இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. பிரிட்டனில் இது பப்புக்குப் பப் மாறும், கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஞாயிறு மதியச் செஷன்கள் குடும்பத்தோடு போக மிகவும் வசதி. புகையைப் பற்றிக் கவலை வேண்டாம், அயர்லாந்தில் 2004இலும் ஸ்காட்லாந்தில் 2006இலும் இங்கிலாந்தில் 2007இலும் உள்ளே புகைப்பதைத் தடை செய்துவிட்டார்கள்.

மூன்றாம் படி: கவுண்டர்

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நீங்களே கவுண்டருக்குப் போய் வாங்கி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். வரிசை மாதிரித் தெரியாது, ஆனால் யார் முன்னால் வந்தார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும், கை நீட்டிக் கூப்பிடாமல் நின்றால் உங்கள் முறை வரும். பைண்ட் என்பது 568 மில்லி, பாதியும் கேட்கலாம். குடிக்காதவர்கள் லைம் சோடாவோ டானிக்கோ ஆல்கஹால் இல்லாத பீரோ கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. கூட இருப்பவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சுற்று வாங்கினால் அடுத்த சுற்று உங்களுடையது என்று அர்த்தம். அதில் சேர விருப்பமில்லை என்றால் முதலிலேயே 'எனக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டால் ஒரு சங்கடமும் இல்லை.

ஃபோக் கிளப்பில் கவுண்டர் கீழே, இசை மாடியில் என்றால் பாட்டுக்கு நடுவில் கதவைத் திறக்காதீர்கள். வெளியே நின்று, கைதட்டல் கேட்டதும் உள்ளே போக வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டைப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். அமைதியான அறையில் அந்தச் சரசரப்பு கிட்டாரைவிடச் சத்தமாகக் கேட்கும்.

நான்காம் படி: கேட்பது

இனிமேல்தான் விஷயமே. அன்றைய இரவு உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது பெரும்பாலும் கிட்டாரில் எதைக் கவனிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

செஷனில் கிட்டார் முன்னால் நிற்காது. மெட்டு ஃபிடிலுக்கும் குழலுக்கும். கிட்டார் அடியில் தாளத்தையும் சுருதியையும் பிடித்துக்கொண்டு ஓடும். முதல் கால்மணி நேரம் எல்லா உருப்படிகளும் ஒரே மாதிரிதான் கேட்கும், பயப்படாதீர்கள், தாளத்தைப் பிரித்துப் பழகினால் சரியாகிவிடும். நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வாய்க்குள் 'தகிட தகிட' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் அது ஜிக். 'தகதிமி தகதிமி' என்று ஓடினால் ரீல். 'தகிட'வை மூன்று மூன்றாக அடுக்கினால்தான் பொருந்துகிறது என்றால் அது ஸ்லிப் ஜிக். உருப்படியின் அமைப்பும் எளிது, எட்டு பார் (தாளச் சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட முதல் பகுதி இரண்டு தடவை, எட்டு பார் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு தடவை, ஆக 32 பார். இதை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த உருப்படிக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று உருப்படி சேர்ந்தது ஒரு செட்.

அந்தத் தாவும் இடத்தில் கிட்டார் வாசிப்பவரைப் பாருங்கள். அடுத்தது என்ன உருப்படி, எந்தச் சுருதி என்று பல நேரம் அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசிச் சுற்று முடியப் போகிறது என்றால் ஃபிடில்காரர் தலையை நிமிர்த்துவார், சிலர் 'ஹப்' என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அடுத்த உருப்படியின் முதல் சுரம் விழுந்ததும் கிட்டார்காரர் உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் மேல் வைத்து ஒலியை அடக்கிவிட்டு வெறும் 'டக் டக்' என்று தாளத்தை மட்டும் ஓடவிடுவார். காது முழுக்க ஃபிடில் பக்கம் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு பார் போனதும் கையை எடுத்துவிட்டு, தடித்த அடிக்கம்பியில் புதிய சுருதியை ஒரே அடியாக அடிப்பார். தரை எழும்பின மாதிரி இருக்கும், வட்டத்தில் யாராவது ஒருவர் தன்னை மறந்து ஒரு குரல் கொடுப்பார். செஷனுக்குப் போவதே அந்த இரண்டு விநாடிக்காகத்தான் என்று நான் சொல்வேன்.

பாட்டுக்கு வாசிக்கும்போது கிட்டாரின் வேலை வேறு. இங்கேதான் வலது கை தெரிய வேண்டும் என்றேன். கட்டை விரல் தடித்த அடிக்கம்பிகளில் மாறி மாறி ஒரே சீராக நடந்துகொண்டிருக்கும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டின் துண்டுகளை எடுக்கும். ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைச் செய்கிறார். முதல் சரணத்தில் வார்த்தையைக் கேளுங்கள். இரண்டாவது சரணத்தில் வார்த்தையை விட்டுவிட்டுக் கட்டை விரலை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாவதில், ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கிட்டார் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நல்ல வாசிப்பாளர்கள் அந்த இடைவெளியில்தான் கதையின் மனநிலையை மாற்றுவார்கள்.

யார்யார் எப்படி வாசித்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் ருசி கூடும். டேவி கிரகாம் என்கிற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோ போனபோது அங்கே ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாக கிட்டாரின் ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை ஒரு முழுச்சுரம் இறக்கினார். மேற்கத்தியச் சுரப்பெயர்களில் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று வரும், எல்லோரும் சேர்த்து 'டாட்கேட்' என்பார்கள். இந்தச் சுருதியில் கம்பிகளை வெறுமனே தடவினால் மேஜரும் இல்லை மைனரும் இல்லை, காந்தாரமே இருக்காது. அதனால் திறந்த கம்பிகள் தம்பூரா மாதிரி அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்க, மேலே எந்தச் சுரவரிசையையும் வைத்துக்கொள்ளலாம். இந்த நாட்டு மெட்டுகள் நிறைய டோரியன், மிக்ஸலிடியன் என்கிற சுரவரிசைகளில் இருப்பவை, அதாவது நம் கணக்கில் கரகரப்பிரியா, ஹரிகாம்போஜி சுரங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இசை அன்னியமாகப் படாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1970களில் ஐரிஷ் கிட்டார் கலைஞர் மீஹால் ஓ டோனல் இதே டாட்கேட்டை ஐரிஷ் மெட்டுகளுக்குப் பக்கவாத்தியமாகக் கொண்டுவந்தார், இன்று செஷன்களில் நீங்கள் பார்க்கும் கிட்டார்களில் பல இந்தச் சுருதியில்தான் இருக்கும்.

இங்கிலாந்துப் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்ட்டின் கார்த்தியின் வழி வேறு. சி-ஜி-சி-டி-ஜி-ஏ என்று இன்னும் கீழே இறக்கி, கட்டை விரலால் கம்பியை அடிக்கிற மாதிரி வாசித்து, கார்டுகளைவிட (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளைவிட) மெட்டின் சுரங்களையே கிட்டாரிலும் பின்தொடர்வார். 1962 முடிவில் லண்டன் வந்த பாப் டிலனும், 1965இல் அங்கே இருந்த பால் சைமனும் ஃபோக் கிளப்களில் இவரைக் கேட்டுத்தான் சில பழைய பாட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள். பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் என்கிற கிட்டார் கலைஞர்கள் இருவரும் 1967இல் பென்டாங்கிள் குழுவைத் தொடங்கியதும் லண்டனில் ஹார்ஸ்ஷூ ஹோட்டலில் வாராவாரம் வாசித்துத்தான். போவதற்கு முந்தின நாள் இவர்களில் ஒருவரை அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள், உங்கள் ஊர்ப் பப்பில் வாசிப்பவர் கையில் யாருடைய சாயல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

பாலட் என்கிற கதைப்பாட்டு வந்தால் பொறுமை வேண்டும். இருபது சரணத்துக்கு மேல்கூடப் போகும். அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை தொகுத்து வெளியிட்டவை மட்டுமே 305. கொலை, ஆவி, கப்பல் மூழ்குதல், மாறுவேடக் காதலி என்று கதைகள். பாடுபவர் முகத்தில் நடிப்பே இருக்காது, சோகமான இடத்தில் குரலும் இழுபடாது. பாவமே இல்லையே என்று தோன்றலாம். கதையை வார்த்தையிடமே விட்டுவிட்டுத் தான் ஒதுங்கி நிற்பது இந்த மரபின் வழி, நாலைந்து பாட்டு கேட்டபிறகு அந்த நிதானமே உள்ளே இறங்கும். உச்சரிப்பு புரியவில்லை என்றால் கதையின் பாதி கைநழுவிப்போகும், அதனால் இடைவேளையில் தயங்காமல் போய் 'அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று' என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிட்டார்காரர் கம்பியைத் திருகிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையில் இருக்கும், சுருதியை மாற்றியதும் அந்த இழுவை மாறி மற்ற கம்பிகளும் லேசாக நகர்ந்துவிடும், அறையின் சூடும் ஈரமும் வேறு. அந்த நேரத்தை நிரப்பப் பிறந்த பேச்சுதான் அது. பாட்டு யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரில் சேகரித்தது என்பதெல்லாம் அங்கேதான் வரும், அதையும் கச்சேரியின் பகுதியாகவே கேளுங்கள்.

ஐந்தாம் படி: அமைதி, கைதட்டல், கூடப் பாடுதல்

கிளப்பில் பாட்டு தொடங்கினால் பேச்சு நிற்க வேண்டும், கிசுகிசுப்பும் வேண்டாம். செஷனில் மெட்டு வாசிக்கும்போது மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், அது பப், எல்லோரும் பேசுவார்கள். ஆனால் யாராவது தனியாகப் பாட ஆரம்பித்தால் அந்தப் பப் முழுக்க அடங்கும். 'ஷ்ஷ்' என்று ஒரு குரல் வரும், நீங்களும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுங்கள்.

கைதட்டுவது செட் முடிந்ததும். உருப்படி மாறும் இடத்தில் தட்ட வேண்டாம், முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினால் வாசிப்பவர்கள் கவனம் கலையும். பாட்டோடு சேர்ந்து தாளம் தட்டுவதும், அவர்களே கேட்டால் ஒழிய வேண்டாம். நாற்பது கை தட்டும்போது அது எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் விழும், வாசிப்பவரையும் பின்னுக்கு இழுக்கும். காலை மெதுவாகத் தட்டிக்கொள்ளுங்கள், போதும்.

ஆனால் பல்லவி வந்தால் பாடுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபோக் கிளப்பில் பல்லவி கூட்டத்துக்கு உரியது. பாடுபவர் முதலிலேயே வரியைச் சொல்லிக்கொடுப்பார், அல்லது இரண்டாம் தடவை வரும்போது உங்களுக்கே பிடிபட்டுவிடும். நல்ல குரல் தேவையில்லை. சிலர் மேலே ஒரு சுரத்தில், சிலர் கீழே ஒரு சுரத்தில் சேர்ந்து பாடும்போது, சுருதி பிடிக்கத் தெரிந்தவர் என்றால் கீழ் சட்ஜமத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், அந்த ஒலிக்குள் நீங்களும் இருப்பீர்கள்.

செஷனில் போய் பிரபலமான பாட்டு எதையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கிளப் விருந்தாளியிடம் இடைவேளையில் கேட்கலாம், அவருடைய பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. போனில் பதிவு செய்ய வேண்டும் என்றால் அனுமதி கேளுங்கள், ஒரு உருப்படியோடு நிறுத்துங்கள், ஃபிளாஷும் வெளிச்சமான திரையும் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போட இன்னொரு அனுமதி தனியாக வேண்டும்.

ஆறாம் படி: காசு

செஷனுக்கு டிக்கெட் இல்லை. அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீரோடு உட்காராதீர்கள். லைம் சோடாவாவது இரண்டு தடவை வாங்குங்கள், கல்லாவைப் பார்த்துத்தான் பப்காரர் அடுத்த மாதம் இதைத் தொடரலாமா என்று முடிவு செய்வார். சில இடங்களில் ஜாடியோ தொப்பியோ சுற்றி வரும், சில்லறையும் சின்ன நோட்டும் கையில் வைத்திருங்கள், எல்லா இடத்திலும் வங்கி கார்டு எடுக்க மாட்டார்கள். கிளப்பில் விருந்தாளிக் கலைஞரின் சிடி இடைவேளையில் மேசையில் இருக்கும். சிடி போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லாவிட்டாலும் வாங்கலாம், ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதைவிட அதில்தான் அவர் கைக்கு ஏதோ போய்ச் சேரும்.

சின்னப் பப்களில் இவ்வளவு இசை நடக்க முடிவதற்குச் சட்டமும் ஒரு காரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய 1964 சட்டப்படி பொழுதுபோக்கு உரிமம் இல்லாத பப்பில் இரண்டு பேர் வரை வாசிக்கலாம், அதற்கு மேல் கூடாது. 2003 சட்டம் வந்து அந்த விலக்கையும் எடுத்துவிட்டதால் ஒற்றைக் கிட்டாருக்குக்கூட அனுமதி வாங்க வேண்டியதாயிற்று, பல சின்ன இடங்கள் தயங்கின. 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நேரடி இசைச் சட்டம்தான் மைக் இல்லாத இசையைக் காலை 8 முதல் இரவு 11 வரை உரிமமே இல்லாமல் நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நிறையக் கிளப்கள் 11 மணிக்குள் முடித்துக்கொள்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஏழாம் படி: நீங்களும் வாசிக்க ஆசைப்பட்டால்

முதல் நாளே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். செஷனில் ஒரு கிட்டார்தான் நன்றாக இருக்கும், இரண்டு பேர் வெவ்வேறு கார்டு போட்டால் மெட்டு சேறாகிவிடும். ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் ஓய்வெடுக்கும்போது ஒரு செட்டுக்கு வாசியுங்கள். டி, ஜி, ஏ, ஈ மைனர் சுருதிகளில் கை ஓட வேண்டும். தெரியாத உருப்படி வந்தால் கம்பியைத் தொடாமல் கேட்பதுதான் மரியாதை, தடவித் தடவிக் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் கேட்கும்.

பாட ஆசை என்றால் சிங்கரவுண்டுக்குப் போங்கள். கிளப்பிலும் வாசலில் டிக்கெட் வாங்கும்போதே தொகுப்பாளரிடம் சொன்னால் பெயரை எழுதிக்கொள்வார், இரண்டு பாட்டு கிடைக்கும். கம்பியை வெளியிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு வாருங்கள். இன்னொன்று, ஆங்கிலப் பாட்டுத்தான் பாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு தெம்மாங்கோ தாலாட்டோ தெரிந்தால், இது யார் பாடுவது, எந்த வேலையின்போது பாடுவது என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, பக்கவாத்தியம் இல்லாமல் பாடுங்கள். துணைக்கு ஒன்றும் இல்லாமல் ஒற்றைக் குரலில் பாடுவதை அந்த அறையில் உள்ளவர்களுக்குக் கேட்கத் தெரியும், மொழி புரியாவிட்டாலும். பல்லவி எளிமையாக இருந்தால் சொல்லிக்கொடுங்கள், கூடப் பாடுவார்கள்.

எட்டாம் படி: முடிந்தபிறகு

பப் மூடுவதற்கு முன் கடைசி ஆர்டருக்கு மணி அடித்ததும் கவுண்டரில் கூட்டம் கூடும், பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், அந்த நேரத்தில் எழாதீர்கள். முடிந்ததும் போய் வாசித்தவரிடம் பேசுங்கள். கிட்டார் என்ன ரகம் என்று கேட்டால் போதும், வட அயர்லாந்தின் லோடன் என்பார், அல்லது இங்கிலாந்தின் ஃபைல்ட் என்பார், அங்கிருந்து நகம் எப்படி வளர்க்கிறார், என்ன சுருதி என்று பேச்சு தானாகப் போகும்.

பிடித்த உருப்படியின் பெயரைக் கேளுங்கள். வாசித்தவருக்கே பெயர் தெரியாமல் இருக்கும், இது அடிக்கடி நடப்பது. டியூன்பால் என்கிற செயலியில் சில விநாடி ஒலியைக் கொடுத்தால் ஐரிஷ் மெட்டுகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும், அதற்கு ஒரு துண்டு பதிவு வேண்டும், அதனால்தான் அனுமதி கேட்டு ஒன்றைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னேன். பெயர் கிடைத்ததும் 'தி செஷன்' தளத்தில் தேடினால் சுரக்குறிப்பும், எந்தெந்த இசைத்தட்டுகளில் இருக்கிறது என்பதும் வரும். இரண்டு மூன்றையாவது அப்படிக் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வேறு பப் தேடாமல் அதே பப்புக்கே போங்கள். செஷனில் உருப்படிகள் திரும்பத் திரும்ப வரும், போன வாரம் ஒரே இரைச்சலாக இருந்ததில் தெரிந்த மெட்டு ஒன்று தலை காட்டும், அப்போது கிட்டார் அதற்கு அடியில் போன வாரம் வைத்த கார்டை மாற்றி வைக்கிறதா என்று பாருங்கள்.